மகள் எழுதிவைத்த லாக் வரிசை

இன்று மகளோடு திருச்சுழி பஸ்ஸில் வந்தேன். கம்ப்யூட்டர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்பகுதியான கெர்னலில் வேலை பார்த்தவள். போன மாதம் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

பாதி வழியில் போன். கம்பெனியில் அவள் இடத்துக்கு வந்தவன்தான். பஸ் இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நீங்க எழுதி வச்சதுல ஒரு டவுட்டு. ரெண்டு லாக்கும் வேணும்னா எதை முதல்ல எடுக்கணும்?"

ஒரே தகவலில் கம்ப்யூட்டரின் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுப்பது இந்த லாக். ஆளுக்கொரு லாக்கைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதனால் எந்த லாக் எதைக் காக்கிறது, எதை முதலில் எடுப்பது என்று எல்லாவற்றையும் இவள்தான் எழுதிவைத்தாள். "இனி இதைப் பார்த்து யாரும் செய்யலாம்" என்று பாராட்டிய மேனேஜர்தான் இவளை அனுப்பியதும்.

இவளோ பொறுமையாக விளக்குகிறாள்.

போனை வைத்ததும் கேட்டேன். "ஏத்தா, வேலையப் பிடுங்குனவுகளுக்கு ஓசியில பாடமா?"

"அவன் மாத்தி எடுத்தா எங்கயோ இதுல ஓடுற ஒரு ஆஸ்பத்திரி மிஷினு நின்னுரும்ப்பா."

என் மசாலாப் பொடிக் கடையில் எந்த ஊர் மல்லியை எதோடு கலக்கிறேன் என்று கடை ஆளுக்கே நான் சொன்னதில்லை. கடை இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

அவள் செய்ததே சரி என்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் கம்பெனியில் வேலை காலியிருந்தாலும் சொல்லுங்கள்.