அத்தைக்கு ஊர் வைத்த பெயர்கள்

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், அத்தையின் கை தானாகப் பைக்குள் போய்விடும். டீயோ பன்னோ, கூடக் குழந்தை இருந்தால் ஒரு பலூனோ வாங்கித் தராமல் அனுப்பமாட்டார். அவர் என் அப்பாவின் தங்கை. மாமா துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் அத்தைக்கு 'ஓட்டைக் கை' என்று பெயர். "புருஷன் வெயில்ல வேகுறான், இவ தண்ணியாச் செலவழிக்கிறா" என்பார்கள், அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டே.

மாமா அங்கேயே விபத்தில் இறந்துபோனார். உடல் வந்து சேர வெகுநாளாயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அத்தை அழவில்லை, மூடிய பெட்டியைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பஸ் ஏறாமல் நடந்தே போனார். டீயை விட்டார். மொய் வைக்க வேண்டுமே என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையும் விட்டார். மகளைப் படிக்கவைக்க வேறு வழியில்லை. "எச்சிக் கையால காக்கா ஓட்டமாட்டா" என்றது அதே தெரு. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாதவர் அங்கே ஒருவருமில்லை.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கிடைக்காத அன்று மகளும் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒன்னைய ஊரே கஞ்சப் பிசினாறிங்குதும்மா."

அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சொல்லிட்டுப் போகட்டும். ஊதாரின்னு சொன்னதும் அவங்கதான்."

குரலில் கோபமில்லை. வருத்தம்கூட இல்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுவதைப் போலிருந்தது.

போன வருடம் மகள் திருச்சியில் நர்ஸாகச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வாங்கியதும் எங்கள் இருவரையும் ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போனாள். கடைக்காரர் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போட்டார். பச்சை, அரக்கு, மயில்கழுத்து.

"எது புடிச்சிருக்குங்கம்மா?"

அத்தை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"வெலைய நான் பாத்துக்கிறேன், நீ சும்மா சொல்லும்மா" என்றாள் மகள்.

"வெல இல்லடி. எனக்கு எது புடிக்கும்னு மறந்துபோச்சு."

மகளே பச்சையை எடுத்தாள். அத்தை சரி என்றார். இப்போது விசேஷங்களுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வருகிறார். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "மக எடுத்தது" என்கிறார்.