அப்பாவைக் கேளு

டாக்டர்களிடம் தொலைபேசியில் பேசும்போது உலகநாதன் செருப்பைக் கழற்றிவிடுவார். புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்தின் வாசலில் ஜோடியாக விட்டுவிட்டு உள்ளே போய், ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். பேச்சு முடிந்ததும் "ரைட்டு" என்பார். பஸ்ஸைக் கிளப்பும்போது சொல்கிற அதே ரைட்டு. வெளியே வந்து, காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டிரிப் ஷீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் இருக்கும் பெயர்களில் ஒன்றைக் கோடு போட்டு அடிப்பார். 2002ஆம் வருடத்து மழைக்காலம் முழுக்க அவர் இப்படி அடித்துக்கொண்டே இருந்தார்.

கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் ஊழியர்களுக்கு ஓடும் பஸ்களில் ஒன்றை அவர் ஓட்டினார். சனிக்கிழமைகளில் அதே பஸ் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போய்வரும். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை எனக்கு. எனக்குப் பேச வராது. அவருக்குக் கேட்க ஆள் வேண்டும். வழியில் இருக்கும் வேகத்தடைகளுக்கெல்லாம் ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பெயரை வைத்திருந்தார். பெரிய மேடு வந்தால் "நம்ம பன்னீர்செல்வம் சார் வர்றாரு, கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று பின்பக்கம் குரல் கொடுப்பார். சாலையில் படுத்திருக்கும் மாட்டிடம் ஹாரன் அடிக்க மாட்டார். தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, சேர் போடட்டா?" என்று விசாரிப்பார்.

மனைவி கல்யாணிக்கும் அவருக்கும் பத்து வருடமாகக் குழந்தை இல்லை. சென்னையில் ஒரு இல்லத்திலிருந்து அம்முவைத் தத்தெடுத்தபோது அவளுக்கு மூன்றரை வயது. வந்த நாளிலிருந்தே பஸ்ஸில் எல்லாருக்கும் அவள் செல்லம். யார் மடியிலும் ஏறி உட்காருவாள், யார் கொடுத்தாலும் வாங்கித் தின்பாள், யாரைப் பார்த்தாலும் "நானும் உங்க வூட்டுக்கு வரட்டா?" என்பாள். "என்ன ஒட்டுதலான குழந்தை!" என்று பஸ்ஸே மெச்சும்.

உலகநாதன் மட்டும் மெச்சவில்லை. "எல்லார் கிட்டயும் போவுது சார். அதான் பேஜாரா கீது" என்றார் ஒருநாள் என்னிடம். கீழே விழுந்து முட்டி கிழிந்தால் அவள் அழுவதில்லை. யாரையும் தேடுவதுமில்லை. பாவாடையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். "இல்லத்துல ஆயாம்மாங்க ஷிப்டு மாறிக்கினே இருப்பாங்களாம். காலையில தூக்கினவங்க சாயங்காலம் இருக்க மாட்டாங்க. அப்ப யாராண்ட போயி அயுவும் சொல்லுங்க?"

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒரு சனிக்கிழமை அவள் காணாமல் போனாள். இருபது நிமிடம் தேடினோம். காஞ்சிபுரம் பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அந்த பஸ்ஸைக் கிளப்ப அதன் டிரைவர் ஏறிவிட்டிருந்தார். உலகநாதன் கையை நீட்டியதும் அவரிடம் வந்தாள். எங்கள் எல்லாரிடமும் வருவதைப் போலத்தான். அன்றைக்குத் திரும்பும்போது பன்னீர்செல்வம் சார் மேட்டில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

அதன் பிறகுதான் இந்தத் தேடல். முதலில் பார்த்த டாக்டர் பசிக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர், "இப்படிக் குழந்தை கிடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும்" என்று அனுப்பிவிட்டார். ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும் வெங்கடராகவன் சார் பஸ்ஸில் இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குன்னே ஒரு சிகிச்சை இருக்கு உலகநாதன். அட்டாச்மென்ட் தெரபின்னு பேர். குழந்தையை மட்டும் உட்கார்த்தி வச்சு இல்லை, பெத்தவாளையும் சேர்த்து உட்கார்த்தி வச்சுப் பண்றது" என்றார். பிரவுசிங் சென்டரில் தேடித் தருவது என் வேலையாயிற்று. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் குழந்தை மனநலம் பார்க்கிறவர்கள் பதினோரு பேர் கிடைத்தார்கள். எத்தனை பேருக்கு இந்த வைத்தியம் தெரியும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அத்த நான் கண்டுபுடிக்கிறேன்" என்றார் உலகநாதன். படிப்பு, பட்டம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "டாக்டர், உங்க ரூம்ல எங்க கொயந்த வுயுந்து அயுதா, நீங்க தூக்குவீங்களா?"

"கண்டிப்பா தூக்குவேன்" என்றார் ஒருவர். அடித்தார். "எங்க கிளினிக்கில் சாக்லேட் எப்பவும் இருக்கும்" என்றார் இன்னொருவர். இரண்டு கோடு போட்டு அடித்தார். குழந்தைகளென்றால் தனக்கு உயிர் என்று ஒரு பெண் டாக்டர் ஐந்து நிமிடம் சொன்னார். அவர் பெயரை அடிக்கும்போது உலகநாதனுக்கே வருத்தமாக இருந்தது. "நல்ல மனுசிதான். ஆனா எங்களுக்கு வாணாம்."

வீட்டில் கல்யாணி விடுவதாக இல்லை. "இன்டர்வியூ முடிஞ்சுதா? எந்த டாக்டருக்கு வேல போட்டுக் குடுத்த?" என்பார். "நீ பத்தாங்கிளாஸ் பெயிலு. அவங்க உன்னாண்ட பெயிலா?"

ஒன்பதாவது பெயர் சௌந்தரவல்லி. வாரத்தில் இரண்டு நாள் திருப்போரூரில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் பார்க்கிறவர். உலகநாதன் கேள்வியைக் கேட்டார். நான் பூத்துக்கு வெளியே நின்றிருந்தேன். அவர் ரிசீவரைப் பிடித்தபடியே வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றேன். எனக்கும் அவர் பாஷை வந்துவிட்டிருந்தது.

"'நான் ஏன் தூக்கணும்? நீங்க எங்க போயிட்டீங்க?'னு கேக்கறாங்க சார்! என்னியே திட்டுறாங்க!" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். பாதித் தெரு போன பிறகுதான் செருப்புக்குத் திரும்பி வந்தார்.

சௌந்தரவல்லியின் அறையில் மேஜை கிடையாது. "டாக்டர்னா டேபிள் வாணாமா? பாயில குந்த வெக்குறாங்க" என்று கல்யாணி முதல் வாரம் குறைபட்டுக்கொண்டார். பாயில் மூவரும் உட்கார வேண்டும். அம்முவின் கைகால்களில் இருக்கும் சிராய்ப்பு, கொசுக்கடி, தழும்பு எல்லாவற்றையும் எண்ண வேண்டும். ஒவ்வொன்றிலும் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்து, எப்போது வந்தது என்று கேட்க வேண்டும். முதல் மாதம் அம்மு கையை இழுத்துக்கொண்டு, கீழே தையல் கடைக்காரரிடம் போக வேண்டும் என்றாள். மூன்றாம் மாதம் அப்பாவின் கையை எண்ணத் தொடங்கினாள். இன்ஜினில் சுட்டது, ஸ்பேனர் வழுக்கியது, நட்டு கிழித்தது என்று பதினேழு வந்ததாம். "தெனம் ஒருக்கா எண்ணணுமாம் சார். வேலைக்கு லேட்டாவுது" என்று அவர் சலித்துக்கொண்ட குரலில் சலிப்பே இல்லை.

அடுத்து டாக்டர் சொன்னதை நிறைவேற்ற ஒரு பஸ் தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை, வண்டியைக் கிளப்புவதற்கு முன் உலகநாதன் எழுந்து எங்களைப் பார்த்து நின்றார்.

"சார், மேடம், ஒரு ரிக்வெஸ்ட். அம்மு வந்தா மடியில வெச்சுக்காதீங்க. பிஸ்கெட்டு, முட்டாயி எதுவும் வாணாம். இன்னா கேட்டாலும், அப்பாவ கேளு, இல்ல அம்மாவ கேளுன்னு சொல்லுங்க. ரைட்டு."

"குழந்தை ஆசையா வரது. எப்படிப்பா தள்றது?" என்றார் ராஜம் மாமி.

"தள்ள வாணாம் மாமி. திருப்பி வுட்டா போதும்."

அணுவைப் பிளந்து பழகியவர்கள் கட்டளையை அணுவளவும் மீறவில்லை. அம்மு தண்ணீர் கேட்டால் "அப்பாவைக் கேளு." ஜன்னலோரம் கேட்டால் "அம்மாவைக் கேளு." ஒருமுறை அவள் வெங்கடராகவன் சாரிடம் மணி கேட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய்திறக்கப் போனவர், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அப்பாவைக் கேளும்மா" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்று செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் அவள் முப்பத்தோரு தடவை முன்னால் வந்தாள். நான் எண்ணினேன். முப்பத்தோரு தடவையும் அவர் "இன்னா கண்ணு?" என்றார், முதல் தடவை கேட்பவரைப் போல.

ஆனாலும் அவள் அழவில்லை. "கேக்கறதுக்கு வருது சார். வலிச்சா வர மாட்டேங்குது" என்றார் உலகநாதன். டாக்டரிடமும் இதையே கேட்டிருக்கிறார். அதற்குத் தேதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டி, பின் இருக்கையில் ஜன்னல் ஷட்டர் சட்டென்று இறங்கியது. அது விழுந்த சத்தம் முன்னால் இருந்த எனக்கே கேட்டது; அம்முவின் விரல் அதில் நசுங்கியிருந்தது. கல்யாணி "ஐயோ" என்று எழுவதற்குள் அவள் நடுவழிக்கு வந்துவிட்டாள். சிவந்த விரலை ஒரு மெழுகுவர்த்திபோல உயர்த்திப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ராஜம் மாமியின் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன; மாமி அவற்றை இழுத்துப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். அம்மு ஒவ்வொரு இருக்கையையும் பார்த்தாள், ஒவ்வொன்றையும் கடந்தாள். என்னையும் கடந்தாள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று, விரலை நீட்டி, "அப்பா" என்றாள். பிறகு, இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததைப் போல, வாயை முழுக்கத் திறந்து ஓவென்று அழுதாள்.

பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது. "அயுவுது! மாமி, என்னாண்ட வந்து அயுவுது!" என்றார் உலகநாதன். இடது கையால் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் திரும்பிப் பார்க்காமல், வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எல்லா வண்டிகளையும் முந்திப் போகச் சொல்லி அசைத்துக்கொண்டே இருந்தார்.