மச்சம் காணாமல் போன படம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் "அசையாதீங்க" என்றுதான் பெயர். கடைத்தெரு முனையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, "அசையாதீங்க" என்று ஒரு அதட்டல் போடுவார். கைக்குழந்தைகூட மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் விமானம் ஏறியவர்களில் பாதிப் பேர் அவர் எடுத்த படத்தோடுதான் ஏறியிருப்பார்கள். நான் முன்மேசையில் உட்கார்ந்து படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பேன். ஊரையே அனுப்பி வைத்தோமே தவிர, நாங்கள் எங்கும் போனதில்லை.

"நாங்கள்" என்றால் அவர் உடனே திருத்துவார். அவர் ஒரு முறை போயிருக்கிறார். பழைய வாடிக்கையாளர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தைப் படமெடுக்க அவரை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனார். அப்போது நாங்கள் இருவருமே பாஸ்போர்ட் எடுத்தோம். டிக்கெட் மட்டும் அவருக்குத்தான் வந்தது. "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று கிளம்பியவர், திரும்பி வந்து ஒரு மாதம் ஏரி, பாலம், மஞ்சள் டிராம் என்று சொல்லிச் சொல்லி என் காதைப் புண்ணாக்கினார். படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை, பெண், யாரோ ஒரு சித்தப்பா. என் ஆளை ஒன்றிலும் காணோம். கேமராவைப் பிடித்தவர் படத்தில் எப்படி வருவார்? அவர் போய்வந்ததற்குப் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைதான் சாட்சி. என்னுடையது வாங்கியபடியே பீரோவில் கிடந்து காலாவதியானது. அதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

இப்போது மகள், தான் வேலை பார்க்கும் ஊருக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். அவளுக்கு விடுமுறை கிடைப்பதே அபூர்வம். தேதியை மாற்ற முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். புது பாஸ்போர்ட் அதற்குள் வருமா வராதா என்ற நிலைமை. அன்றைக்கே படம் எடுத்தோம். என்னை அவர் எடுத்தார். தன்னை டைமர் வைத்து, ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து தானே எடுத்துக்கொண்டார்.

படங்கள் கைக்கு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் படத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் கோடு, காதோரம் நரை, ஒன்று பாக்கியில்லை. அவர் படத்திலோ புது மாப்பிள்ளை.

"என்னை மட்டும் இப்படி விட்டுட்டீங்களே?"

"பாஸ்போர்ட் படத்துல கை வைக்கக் கூடாதும்மா. சட்டம்" என்றார். அதை அவரே எழுதிக் கடைச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார்.

"அப்ப நீங்க?"

"நான் இயற்கையாவே இப்படித்தான்."

பாஸ்போர்ட் அலுவலகத்தில் என் வேலை மளமளவென்று முடிந்தது. அவருடைய பழைய பாஸ்போர்ட்டையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"சார், பழைய படத்துல மோவாயில ஒரு மச்சம் இருக்கு. உங்க முகத்துலயும் இருக்கு. புதுப் படத்துல எங்க போச்சு?"

அவர் மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஒரு கல்யாண ஆல்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மணப்பெண்ணின் பரு, மாமனாரின் மரு என்று கம்ப்யூட்டரில் துடைத்துத் தள்ளியவர், அதே சூட்டோடு தன் முகத்தையும் துடைத்திருக்கிறார். கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

"இப்படித் துடைச்ச படத்தை வாங்க மாட்டோம் சார். எந்த ஸ்டுடியோவுல எடுத்தீங்க? அந்த ஆளுக்கு ரூல்ஸ் தெரியாதா?"

"அந்த ஆளுக்கு எதுவுமே தெரியாது மேடம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

கவுண்டர் மூடுவதற்குள் வேறு படம் கொண்டுவந்தால் இன்றே எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் அடுத்த வாரம்தான் என்றும் அந்த அம்மா சொன்னார். அடுத்த வாரம் என்றால் டிக்கெட் அவ்வளவுதான்.

டாக்ஸியில் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "உனக்குத்தான் முடிஞ்சிருச்சே. எனக்கு வரலைன்னா நீ மட்டும் போயிட்டு வா" என்றார். இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்காதா என்று எத்தனை வருஷம் காத்திருந்திருப்பேன். அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து ஒரு மாதம் அவர் காதைப் புண்ணாக்க வேண்டும். அது வாய்த்தபோது பாருங்கள், எனக்கு அவர் இல்லாமல் போகப் பிடிக்கவில்லை. "சும்மா வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

கடையைத் திறந்ததும் மறுபடி டைமரை வைத்தார். பதற்றத்தில் ஓடி உட்கார்ந்ததில் ஒரு படத்தில் தோள் சாய்ந்திருந்தது, இன்னொன்றில் கண் மூடியிருந்தது. நான் அவரை ஸ்டூலில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அதைத் துடைத்திருக்கிறேனே தவிர, ஒரு படம் எடுத்ததில்லை.

"தாடையை இறக்குங்க. பல்லைக் காட்டாதீங்க. அசையாதீங்க!"

அதட்டல் நன்றாகவே வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கேமராவின் சின்னச் சதுரத்துக்குள் அவர் முகம் தெரிந்தது. மச்சம், கன்னத்துச் சுருக்கம், முள்ளு முள்ளாக வெள்ளைத் தாடி. இந்த முகத்தை நான் இப்படி நிதானமாக நின்று பார்த்ததே இல்லை.

"உங்க முகத்தைத் துடைச்ச கை, என் படத்துக்கு மட்டும் ஏன் வரல?"

"வந்துச்சே" என்றார், உதடு அசையாமல். "முதல்ல உன் படத்துலதான் ஆரம்பிச்சேன். நெத்திக் கோட்டை எடுத்தேன், நரையை எடுத்தேன். பாத்தா யாரோ மாதிரி இருந்துச்சு. பயந்துபோயி எல்லாத்தையும் பழையபடி வெச்சிட்டேன்."

எனக்குக் கண் மறைத்தது. "பேசாதீங்க, படம் கெடுது" என்று அதட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத்தினேன்.

கவுண்டர் மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி அம்மா படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "இந்தத் தடவை நல்ல ஆளாப் பாத்து எடுத்திருக்கீங்க."

"ஆமா மேடம். கொஞ்சம் கோபக்காரங்க" என்றார் இவர்.

இரண்டு பாஸ்போர்ட்டும் ஒன்றாகவே வந்தன. புரட்டிப் பார்த்தேன். பழையதில் அவர் என்னை ஒரு முத்திரை முந்தியிருந்தார். புதியதில் இருவருக்கும் எல்லாப் பக்கமும் காலி.

கிளம்பும் நாள் காலையில் வழக்கம்போலக் கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் அதைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அங்க உங்களை நான்தான் எடுப்பேன். எல்லாப் படத்துலயும் நீங்க இருக்கணும்."

"அப்ப நீ?"

"அதுக்குத்தான் டைமர் இருக்கே. வெச்சிட்டு ஓடி வந்து உங்க பக்கத்துல நின்னுக்குறேன்."