மோதினார் ஜெக்கரியாவின் பல்செட்டு

ஜெக்கரியாவுக்கு இன்னும் அறுபது முடியவில்லை. ஆனாலும் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போகிற அந்தச் சின்னத் தெருவுக்குள் நின்று நின்றுதான் போய்ச் சேருவார். நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த அந்த ஊரின் மோதினார் அவர். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு ஆள் கூப்பிடுவது வேலை. ஊரில் பாதி ஆண்கள் துபாயிலும் மலேசியாவிலும் கிடந்தார்கள். கூப்பிட்டால் வரவே ஆளில்லை, கூப்பிட மட்டும் ஆள் எங்கிருந்து வரும்? அதனால் இரைக்க இரைக்க அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வரி சொல்லுவார், மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி மூச்சை இழுப்பார், அப்புறம் அடுத்த வரி. வரிக்கும் வரிக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது ஊர் முழுக்கக் கேட்டது.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி மூஸா நல்ல மனுஷர். கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் என்று இரண்டொரு தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். ஜெக்கரியா காதில் வாங்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு, உழைக்க முடியாத உடம்பு. பாங்கையும் விட்டுவிட்டால் அந்த ஊரில் தனக்கு என்னதான் மிச்சம் என்று நினைத்தார். நினைத்ததில் தப்பும் இல்லை.

உடம்பு இப்படி ஆனதற்குக் காரணம் சபர். சபர் என்றால் பயணம்; அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவதை அப்படித்தான் சொல்லுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெருவே கிளம்பியபோது அவரும் கிளம்பினார். சவுதியில் இரும்புக் குழாயின் துருவை மணல் பீய்ச்சி எடுக்கிற வேலை. முகத்தில் ஒரு துணிதான் காப்பு. நெஞ்சுக்குள் போன தூசி போதாதென்று சிகரெட் வேறு. இரண்டும் சேர்ந்து நுரையீரலைப் பதம் பார்த்தன. ஈறு சீழ் பிடித்து மேல்பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. லீவுக்கு முன்னால் அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு செட்டு மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சவுதித் தண்ணீர் பல்லை எப்படி வெளுக்க வைத்திருக்கிறது என்று உறவுக்காரர்கள் வியந்தார்கள். அட, அப்போதே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கழுவுவார், உடனே மாட்டிவிடுவார். தூக்கத்தில்கூடக் கழற்றியதில்லை. மனைவி நஃபீசாவுக்கே தெரியாது என்று அவர் நம்பினார்.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு மூச்சுக்கு இன்ஹேலர் கொடுத்தார்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினார். ஆனாலும் கடைசி ஒரு வருஷத்துக்குள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து மூன்று முறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தாகிவிட்டது. படுப்பதும் எழுவதுமாக அவருக்கும் அலுத்தது, கூடவே அலைந்த நஃபீசாவுக்கும் அலுத்தது. மூன்றாம் முறை நெஞ்சு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பல் டாக்டரிடம் போகச் சொன்னார். ஜெக்கரியாவுக்கு வந்ததே கோபம். நெஞ்சு அடைக்கிறது என்று வந்தவனைப் பல்லைக் காட்டச் சொல்கிறார்களே, இது என்ன கூத்து என்று படியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

பல் டாக்டர் சுடர்விழி மன்னார்குடிப் பக்கத்துப் பெண். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதலில் படித்தவள். அவள் செட்டைக் கழற்றச் சொன்னதும் ஜெக்கரியா கழற்றாமல் மனைவியைப் பார்த்தார். நஃபீசா சட்டென்று எழுந்து, வெளியில் இருக்கிறேன் என்று போய்விட்டாள்.

கழற்றியதும் அண்ணம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது தெரிந்தது. கீழே சொத்தை வேர்கள். இன்ஹேலர் உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளிக்கிறீர்களா என்று சுடர்விழி கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"தொழுகைக்கு முந்தி அஞ்சு வேளையும் கை, கால், முகம் கழுவி ஒளு செய்றவம்மா நான். வேளைக்கு மூணு தடவை கொப்பளிக்கிறேன். என் வாயி மாதிரி கழுவுன வாயி இந்த ஜில்லாவிலேயே கிடையாது."

"சரிங்கய்யா. மருந்தை எப்ப உறிஞ்சுறீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பாங்குக்கு மூச்சு வேண்டுமே! அதனால் விடிகாலை சுபுஹுக்கும் இரவு இஷாவுக்கும் முதலில் ஒளு செய்வார், வாயைக் கொப்பளிப்பார், அதற்கப்புறம் மைக்குக்கு முன்னால் போய் நின்று மருந்தை உறிஞ்சுவார். பாங்கு, தொழுகை, பிறகு வீடு. காலையிலாவது ஒரு டீ உள்ளே போகும்; இரவில் அதுவும் இல்லை, அப்படியே படுக்கைதான். கொப்பளித்ததெல்லாம் மருந்துக்கு முன்னால். மருந்துக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

சுடர்விழி குரலை உயர்த்தாமல் விளக்கினாள். அந்த மருந்து வாயிலேயே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கழற்றாத செட்டுக்கு அடியில் அது நன்றாக வளரும். தூங்கும்போது எச்சிலோடு கிருமி நெஞ்சுக்குள் இறங்கும். நல்ல நுரையீரல் என்றால் தாங்கிக்கொள்ளும், இவருடையது தாங்காது. அடிக்கடி வருகிற காய்ச்சலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கீழே வேர்களை எடுக்க வேண்டும், பூஞ்சை ஆற வேண்டும். விரிசல் விட்ட இந்தப் பழைய செட்டை இனி வாயில் வைக்கவே கூடாது. புதுசு கட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

செட்டு இல்லாமல் பாங்கு எப்படி? வெற்றிக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிற வரியில் ஃபலாஹ் என்று சொல்ல மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். அன்று மாலை கண்ணாடி முன்னால் நின்று பொக்கை வாயோடு சொல்லிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. குர்ஆன் ஓதப் பழக்குகிற ஓத்துப் பள்ளியில் எழுத்துக்கு எழுத்து அடி வாங்கிப் படித்தவர் அவர். அந்த வாயால் மைக்கில் சொல்ல மனசு ஒப்பவில்லை.

படுக்கப் போகும்போது தலைமாட்டில் மூடி போட்ட ஒரு டம்ளர் இருந்தது. உள்ளே தண்ணீர்.

"எனக்கு அப்பவே தெரியும்ங்க," என்றாள் நஃபீசா. "சபர்லேந்து வந்த அன்னிக்கே தெரியும். சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு இருந்துட்டேன். பல்லு கிடக்குது, எனக்கு நீங்க மூச்சு விட்டா போதும்."

இத்தனை வருஷமும் யாரிடம் ஒளித்தோம் என்று அவருக்கு அவமானமாக இருந்தது. கூடவே பெரிய பாரம் இறங்கினது போலவும் இருந்தது. செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார்.

ஆனால் பாங்கை விட மனசு வரவில்லையே! கீழே வேர்களைப் பிடுங்கிக்கொண்டார், மருந்துக்கு அப்புறம் கொப்பளித்தார், இரவில் கழற்றினார். பாங்கு நேரத்துக்கு மட்டும் அந்த விரிசல் செட்டை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தார். நேரம் கூடியது. அரட்டைக்கும் அது வேண்டியிருந்தது, கடைத்தெருவுக்கும் வேண்டியிருந்தது. மழைக்காலம் பிறந்ததும் நாலாவது காய்ச்சல் வந்தது. ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தபோது, நஃபீசா ஒரு வார்த்தை திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவள் முகம் அவ்வளவு களைத்துக் கிடந்ததை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

ஊருக்கு வந்ததும் செட்டைக் குப்பையில் போட்டார். கைத்துண்டால் வாயை மூடிக்கொண்டு மூஸா வீட்டுக்குப் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். புதுப் பல் வந்ததும் நீங்களே சொல்லலாம் என்றார் மூஸா. வந்தாலும் நெஞ்சு பழையபடி ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். விசாவுக்குக் காத்திருந்த ஃபாஜில் என்ற பையனுக்கு அந்த வேலை கிடைத்தது.

மறுநாள் சுபுஹுக்கு ஜெக்கரியா முதல் வரிசையில் உட்கார்ந்தார். வாய் சுத்தமாக இருந்தது. மூச்சும் பரவாயில்லை. ஃபாஜில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான். இளம் குரல், எங்கேயும் நிற்கவில்லை. பாங்கைக் கேட்கிறவர் அதை வரிக்கு வரி வாய்க்குள் திருப்பிச் சொல்ல வேண்டும். இத்தனை காலம் சொல்லுகிற இடத்திலேயே நின்றவருக்கு, கேட்கிறவரின் பங்கு புதிதாக இருந்தது. ஈறு ஈறோடு ஒட்ட, மெல்லத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தொழுகைக்கு வாருங்கள், வெற்றிக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிற இடத்தில் மட்டும் கேட்கிறவர் அதையே திருப்பிச் சொல்லக் கூடாது. அதற்கு வேறு பதில் இருக்கிறது. ஃபாஜில் ஃபலாஹ் என்று அழகாக இழுத்தான். ஜெக்கரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறைவனைக் கொண்டே தவிர எங்களுக்கு எந்தச் சக்தியும் இல்லை, எந்த வலுவும் இல்லை என்ற அந்தப் பதிலை, நடுவே நிற்காமல் ஒரே மூச்சில் சொன்னார்.