ஆறாவது கடை

நகரத்தின் புறநகரான கிளென் ஈடனில் எனக்கொரு கடை உண்டு. சலூன் வைக்க வாடகைக்குக் கேட்டு ஒரு கென்யப் பெண்மணி வந்தார். சுருட்டை முடிக்கென்று இந்தப் பக்கம் யாருமே கடை வைத்ததில்லையாம். என்னுடையது அவர் ஏறி இறங்கிய ஆறாவது கடை. பேசும்போதெல்லாம் கொண்டையில் செருகியிருந்த மரச்சீப்பைத் தொட்டுக்கொள்வார். நிறத்தில் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. "வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றேன். அது பொய்.

இரண்டு வருடம் கழித்து, தன் சுருட்டை முடியை வெட்டத் தெரிந்த ஒரே சலூன் என்று மகள் என்னைப் பக்கத்துப் புறநகரான ரானுயிக்கு இழுத்துப்போனாள். வாசல்வரை கூட்டம். உள்ளே அதே மரச்சீப்பு. என்னை அடையாளம் கண்டும், மகளின் தலையை வலிக்காமல் சிக்கெடுத்தார்.

கிளம்பும்போது கேட்டார்: "கடைக்கு ஆள் கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"எந்தக் கடைப்பா?" என்றாள் மகள்.

பதிலை அவர் எனக்கே விட்டுவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.