பச்சை மையும் பயண அட்டையும்

அந்த நான்கு நாள்களும் கைபேசியை நான் கையை விட்டு இறக்கவில்லை. குளிக்கச் செல்லும்போதும் அதைக் கதவோரத்து முக்காலியில் வைத்துவிட்டே சென்றேன். தலையில் நீர் ஊற்றும் இடைவெளிகளில் செவியைத் தீட்டிக்கொண்டேன். விழுப்புரத்தில் எங்கள் கூடத்துக்கும் வாயிற்கதவுக்கும் இடையே எத்தனை அடி என்று எவரேனும் கேட்டால் இன்றும் சொல்வேன். அத்தனை முறை நடந்தேன். பிழை என்னுடையது.

என் மருமகள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மூன்று வேன்கள் நடத்துகிறார். செல்வோர் பெரும்பாலும் செவிலியரும் ஆசிரியைகளும். அவர் மாதந்தோறும் அளிக்கும் பயண அட்டையை எவரோ வண்ணப்படி எடுத்து விநியோகித்துவிட்டார். உண்மை அட்டை வைத்திருந்த செவிலி ஒருவர் இடமின்றித் திண்டிவனம் வரை நின்றுகொண்டே சென்றார். அன்றே ஆசிரியைகள் கூடிப் பேசினர்.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா நாங்க வேற வேன் பாத்துக்கினு போயிடுவோம்க்கா."

முதல் தேதி தொடங்கி அட்டை கைபேசிக்குள்ளேயே வரும், போலி செய்ய எவராலும் இயலாது என்று மருமகள் வாக்களித்தார். அது பொய்த்தால் வண்டிகள் வெறுமையாக ஓடும்.

திண்டிவனத்தில் மென்பொருள் எழுதும் ஒருவர் அப்பணியை ஏற்றார். ஒரு மாலை வீட்டுக்கு வந்து, அட்டையின் வடிவம் ஆயத்தம் என்றும், ஆனால் கைபேசி நிறுவனத்திடம் எங்கள் வேன் நிறுவனத்தின் பெயரால், மென்பொருள் வெளியிடுவோருக்கான டெவலப்பர் கணக்கு திறந்து சான்றிதழ் பெற வேண்டும் என்றும் கூறினார். எனக்குச் சினம் மூண்டது.

"வண்டி எங்களுடையது. இருக்கையும் எங்களுடையது. ஓர் அட்டை கொடுக்க அயலாரிடம் இசைவு எதற்கு?"

அவர் சிரித்தார். "சார், நீங்க பிரின்சிபாலா இருந்தப்ப மார்க் ஷீட் ஜெராக்ஸ்ல பச்சை இங்க்ல கையெழுத்து போட்டு சீல் வச்சிருப்பீங்க இல்ல? ஒரிஜினல பாக்காம போட்டிருக்கீங்களா?"

"ஒருபோதும் இல்லை."

"அதான் சார். இந்த மாதிரி அட்டைய நான் இங்க உக்காந்துக்கினே யார் பேர்ல வேணா ஜல்தியா பண்ணிடுவேன். உங்க வேன் பேர்லயும் பண்ணலாம், ஆஸ்பத்திரி பேர்லயும் பண்ணலாம். அதனால போன் கையெழுத்து கேக்குது. சர்டிபிகேட்தான் அந்தப் பச்சை இங்க்கு. அது இல்லாத அட்டைய, போன்ல அட்டைங்கள வச்சிக்கிற வாலட் உள்ளயே விடாது. கையெழுத்து போடறவங்க யாருன்னு தெரியணும்ல, அதுக்குத்தான் அக்கவுண்டு. யாருன்னு பாத்துட்டுதான் தருவாங்க."

விளக்கம் செம்மையாக இருந்தது. எவ்வாறு பார்ப்பார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. மருமகள் கணக்குக்கு விண்ணப்பித்தார்.

நிறுவனத்தைப் பதிவு செய்த நாளில் தொலைபேசி எண் கேட்ட இடத்தில் என் எண்ணையே எழுதியிருந்தோம். வீட்டுப் பெரியவரின் எண் இருப்பதே மதிப்பு என்று அனைவரும் கருதினர். நானும் அதை உள்ளூர விரும்பினேன்.

முதல் தேதிக்கு ஒரு வாரம் இருக்கையில், முற்பகலில் ஒரு பெண் ஆங்கிலத்தில் அழைத்தார். எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அதன் சார்பில் ஒப்பமிடும் அதிகாரம் எவருக்கு உண்டு என்று வினவினார். நாளேட்டில் நாள்தவறாமல் படிக்கும் ஏமாற்று அழைப்புகள் அனைத்தும் என் நினைவில் எழுந்தன. அப்படியொரு நிறுவனம் இங்கில்லை, மீண்டும் அழைத்தால் காவல் நிலையத்தில் முறையிடுவேன் என்று வழுவற்ற ஆங்கிலத்தில் கூறித் துண்டித்தேன். நண்பகல் உணவின்போது அதைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தேன்.

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தார். "மாமா, அது அவங்கதான்."

"எவர்?"

"போன் கம்பெனிக்காரங்க. நம்ம கம்பெனி நெசமா இருக்குதான்னு கேக்கக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க இல்லவே இல்லன்னுட்டீங்க." பின்னர் அவரே சிரித்துவிட்டார். "தெரியாத போன்ல யாரையும் நம்பாதீங்கன்னு நூறு வாட்டி சொல்லிக்கினு இருந்தேன். இந்த ஒரு வாட்டி என் பேச்ச கேட்டீங்களே மாமா!"

சிரித்தாரேயன்றி அதன்பின் உண்ணவில்லை.

மீண்டும் அழைக்குமாறு அன்றே எழுதிக் கேட்டார். எந்த நாள், எந்த நேரம் என்ற விடை வரவில்லை. கடன் வேண்டுமா என்று ஒருவர் அழைத்தார். அவரிடமும் பணிவாகப் பேசி, தாங்கள் எந்த நிறுவனம் என்று இருமுறை கேட்டேன். நிலக்கடலை விளைவிக்கும் வளவனூர் உறவினர், "மல்லாட்டை ஒரு மூட்டை அனுப்பட்டுங்களா?" என்று கேட்டு முடிக்குமுன்னரே, இணைப்பை மறிக்காதே என்று பதறினேன். படிக்க எடுத்த நூலில் ஒரே பக்கத்தைப் பலமுறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளியன்று வாயிற்கதவருகே நிற்கையில் கைபேசி ஒலித்தது. அதே குரல். நிறுவனம் உள்ளதா என்றார். உள்ளது என்றேன். அதிகாரம் பெற்றவர் நீங்கள்தாமா என்றார்.

ஊரில் அவ்வண்டிகளைப் பிரின்சிபால் வீட்டு வேன் என்றே அழைக்கிறார்கள். அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. நா சற்றே தயங்கியது.

"இல்லை. என் மருமகள். நிறுவனம் அவருடையது. முடிவெடுப்பவரும் ஒப்பமிடுபவரும் அவரே."

திரும்பினேன். மருமகள் ஈரக்கைகளுடன் பின்னால் நின்றிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கணக்கு திறந்தது. ஞாயிறன்று சான்றிதழ் வந்தது. முதல் தேதி காலை நானும் வண்டி புறப்படும் இடத்துக்குச் சென்றேன். அன்று நின்றுகொண்டே பயணித்த செவிலி கைபேசியை நீட்டினார். ஓட்டுநரின் கருவி ஒலியெழுப்பி ஏற்றது. செவிலி சன்னலோரத்தில் அமர்ந்தார். பின்னால் ஆசிரியைகள் ஏறினர்.

"கம்பெனி நம்பர என் நம்பரா மாத்தச் சொல்லி எழுதிட்டேன் மாமா," என்றார் மருமகள். "இனிமே நிம்மதியா குளிங்க."

ஆகட்டும் என்றேன். மறுநாள் காலையும் கைபேசி முக்காலியில்தான் இருந்தது.