மைனருக்குச் சர்க்கரை

முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்தான். எங்கள் பூனை மைனர் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அவன் திடீரென்று குளியலறை வாளிக்குள் தலையை விட்டுக் குடிக்க ஆரம்பித்தான். குடித்துவிட்டு வாசல் வரை போவான், எதையோ மறந்துவிட்டவன் மாதிரித் திரும்பி வந்து மறுபடி குடிப்பான். ஆவணி வெயில் அந்தப் போடு போட்டதால் நானும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு மூத்திரம் அதிகமானது. சாப்பாடும் இரண்டு மடங்கு. உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. தெருவில் தொந்தியைக் காட்டிக்கொண்டு நடந்தவனுக்கு முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களைத் தரையோடு பதித்து, தேய்த்துத் தேய்த்து நடந்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என் கணவர் சர்க்கரை நோயாளி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அல்வாவும் சாப்பிடுகிற ரகம். அவர்தான் முதலில் சொன்னார். "தாகம், ஒண்ணுக்கு, எளைப்பு... எல்லாம் என் கேசு மாதிரியே கீது. இவனுக்கும் சுகரா இருக்குமோ?"

நான் சிரித்தேன். வேலூரில் செல்லப்பிராணிகளைப் பார்க்கும் இளம் மருத்துவர், ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"டயாபடீஸ்தான்மா (உடம்பில் இன்சுலின் போதாமல் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும் நோய்). பூனைகளுக்கும் வரும். காலைல, சாயங்காலம், ரெண்டு வேளையும் ஊசி போடணும். சோறும் பாலும் கூடவே கூடாது. வேகவச்ச கோழி, மீன், முட்டை குடுங்க. சில பூனைங்களுக்குப் பிறகு ஊசியே தேவைப்படாமப் போகும். ஆனா அதை நம்பி ஆரம்பிக்காதீங்க."

"போடலைன்னா?"

"இருக்க மாட்டான்மா."

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ரத்தத்தைப் பார்த்தால் நாற்காலி தேடுகிறவள். அப்படிப்பட்டவள் கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதனடியில் ஊசியைச் செருகக் கற்றுக்கொண்டேன். முதல் ஊசி தோலை ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வெளியே வந்து, மருந்தெல்லாம் முடியில் இறங்கியது. மைனர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். பத்தாம் வகுப்பில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உங்களுக்கும் முதல் ஊசி இப்படிப் போனால் அழ வேண்டாம். அந்த வேளைக்கு மறுபடி போடவும் கூடாது, உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாது. இன்னொன்று, இன்சுலின் பாட்டிலுக்குப் பொருந்தும் சிரிஞ்சையே கேட்டு வாங்குங்கள். வகை மாறினால் அளவும் தப்பிவிடும்.

அடுத்தது தெரு. மைனருக்கு எல்லா வீடும் சொந்த வீடு. ஓட்டுக் கேட்கப் போகிறவளைப் போல வாசல் வாசலாக நின்று, பால் ஊற்றாதீர்கள், சோறு வைக்காதீர்கள் என்று கும்பிட்டேன். எதிர்வீட்டு சரோஜா வாயில் கை வைத்தாள்.

"பூனைக்கு சுகரா! இன்னா பேஜாரு டீச்சர் இது. நீங்க போங்க, ஒரு பருக்கைகூட வெக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். எல்லோருமே இருந்தார்கள். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. வேலூருக்குப் போகும்போதெல்லாம் மருத்துவர் கேட்பார், "வெளிய ஏதாவது சாப்பிடறானா?" இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். அவர் மருந்தின் அளவை ஒருமுறை கூட்டினார். பிறகு இன்னொரு முறையும் கூட்டினார். வீட்டிலேயே காது ஓரத்தில் குத்தி ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கலாம் என்றும் சொன்னார். எனக்குத் தைரியம் வரவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மழையின் இரண்டாம் நாள் காலையில் மைனர் கோழியை முழுதாகச் சாப்பிட்டான், ஊசி போட்டேன். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விடுமுறை இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். கட்டிலுக்கடியில் ஏதோ இடிபடுகிற சத்தம் கேட்டுக் குனிந்தேன். மைனர் பக்கவாட்டில் விழுந்து கால்களை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

தொலைபேசியில் மருத்துவர் நிதானமாகப் பேசினார். "ஹைப்போகிளைசீமியா (சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போவது). சர்க்கரையைத் தண்ணியில கெட்டியாக் கரைச்சு ஈறுல தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, புரை ஏறிடும். தடவிக்கிட்டே கிளம்பி வாங்க."

என் அலறலில் சரோஜா நனைந்துகொண்டே ஓடி வந்தாள். கணவர் தெருமுனையிலிருந்து கார் பிடித்து வந்தார். "ஜல்தி ஏறுங்க டீச்சர்," என்று துண்டில் சுற்றிய மைனரை அவளே மடியில் போட்டுக்கொண்டாள். நான் விரலால் ஈறில் தடவிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவள் அழ ஆரம்பித்தாள்.

"பாவம், ரெண்டு நாளா கஞ்சிகூடக் கெடைக்கல இதுக்கு. மழையில பாவு நீட்ட முடியல."

"எந்தக் கஞ்சி?"

சரோஜாவின் வீட்டில் பாவு தோய்க்கிற வேலை. தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, விறைப்புக்காக அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். மழை பெய்தால் அந்த வேலை நடக்காது. வேலை முடிந்ததும் அண்டாவின் அடியில் தங்கும் கெட்டிக் கஞ்சியை மைனர் தினமும் நக்கித் தீர்த்திருக்கிறான்.

"நீங்க சோறு வேணாம், பால் வேணாம்னு சொன்னீங்க. நான் வெக்கல. கஞ்சி பாவுக்குப் போடறதுதானே டீச்சர், அத யாரு சாப்பாடுன்னு நெனச்சா? நீங்களும் தட்டுல தம்மாத்தூண்டு கறி வெக்கறீங்க. அது பசியில கத்திகினே வரும். நக்கட்டும்னு வுட்டேன்."

அந்தக் கஞ்சியின் சர்க்கரைக்கு எதிராகத்தான் நாங்கள் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தோம். கஞ்சி நின்றது, மருந்து நிற்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் காரை நிறுத்தி அவளை மழையில் இறக்கிவிட்டிருப்பேன். ஆனால் மைனரின் வாயிலிருந்து வழிந்ததை அவள் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி சர்க்கரையைத் தொட்டு ஈறில் தடவினேன்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் தெரிகிறதா என்று மருத்துவர் விரலை ஆட்டிப் பார்த்தபோது அசைவில்லை. சிலசமயம் மூளை பாதிக்கப்படும் என்றார். பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் உள்ளேயிருந்து ஒரு கோபமான கத்தல் கேட்டது. பக்கத்துக் கூண்டு நாய்க்குட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான். சரோஜாதான் முதலில் எழுந்து ஓடினாள்.

மருந்து குறைந்தது. அண்டாவுக்கு மூடி வந்தது, மூடியின் மேல் கல்லும் வந்தது. நான் காதில் குத்தப் பழகினேன். உங்களுக்கும் சொல்கிறேன், அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், சாப்பாடு என்று நீங்கள் நினைக்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊசி இன்னும் நிற்கவில்லை. நிற்கலாம், நிற்காமலும் போகலாம். முன்பு மைனர் எனக்கு ஒரு முடி மூட்டை. இப்போது அவன் மூச்சின் வாசனை தெரியும், எந்தக் காது சூடானது என்று தெரியும். பள்ளியில் பாடம் நடத்தும்போதும் என் விரல்களில் அவன் கழுத்துத் தோலின் கனம் இருக்கிறது. காலையும் மாலையும் சேர்ந்ததுதான் ஒரு நாள் என்பது போய், ஒவ்வொன்றும் தனித்தனி நாளாகிவிட்டது.

போன வாரம் சேத்துப்பட்டிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வந்து தங்கச் சொல்லிக் கூப்பிட வந்தவள். கல்யாணத்தன்று காலையில் வந்து மாலைக்குள் திரும்பிவிடுவேன் என்றேன். அவளுக்கு எரிச்சல்.

"எத்தன நாளைக்குடி இந்தப் பூனைக்கு ஊசி போட்டுகினு இருக்கப் போற?"

"சாயங்காலம் வரைக்கும்கா," என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு மேல் என்னிடம் கணக்கு இல்லை.